தலைகீழாய் நின்ற முருகன்

அத்தியாயம் 6

லெம்பா சூரியா கோல்ஃப் கிளப்பின் மானேஜர் சதாசிவத்தைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே குமுதாவுக்குப் பிடிக்காமல் போய்விட்டது. இரண்டாவது நிமிடம் வரை பொறுத்திருக்கலாமே என்றால், அந்த மனிதர் அதற்கு வழி விடவில்லை.

"செருப்ப வெளிய கழட்டிப் போட்டுட்டு வாங்க. கார்ப்பெட் புதுசு" என்றார், தன் பளபள ஷூவை அதே கார்ப்பெட்டில் ஊன்றிக்கொண்டு.

துப்பறிவாளர் திருக்குமரன் கார்ப்பெட்டைப் பார்த்தார். சதாசிவத்தின் ஷூவைப் பார்த்தார். பிறகு தன் ஷூவைக் கழற்றாமல் உள்ளே நடந்துபோய் உட்கார்ந்தார். குமுதாவும் செருப்போடு பின்னாலேயே போனாள். பன்னிரண்டு வருடமாக அவருக்கு உதவியாளராக இருக்கிறாள். சம்பளத்தைவிட இந்த மாதிரி இடங்களுக்காகத்தான் வேலையை விடாமல் இருக்கிறாள் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

"மூணு மணிக்கு அரசாங்கத்துலேருந்து பாதுகாப்பு அதிகாரி வாராரு. அதுக்குள்ள முடிச்சுக்குங்க" என்றார் சதாசிவம். "முடிக்க என்ன இருக்கு? அவன் தப்பு. அவ்வளவுதான்."

அவன் என்றது சன்னாசியை. ஒன்பது வருடமாக இந்த கிளப்பில் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி மெஷினை ஓட்டியவர். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதாம் குழிப் பக்கம் குளத்துச் சரிவில் மெஷின் புரண்டு, அதன் அடியில் சிக்கினார். இடுப்பெலும்பு நொறுங்கி, வாயில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தன் பக்கத்துக் கதையைச் சொல்ல அவரால் முடியாது. அந்த தைரியத்தில்தான் சதாசிவம் இவ்வளவு சத்தமாகப் பேசினார்.

சன்னாசியின் மனைவி காளியம்மா இன்று காலை, ஈப்போ நகரின் லிட்டில் இந்தியாவில் புடவைக் கடை மாடியில் இருக்கும் திருக்குமரனின் ஆபீசுக்கு ஒரு காகிதத்தோடு வந்திருந்தாள். கிளப் அடித்துக் கொடுத்த கடிதம். 'பாதுகாப்பு பெல்ட் அணியாமல் ஓட்டியதே விபத்துக்குக் காரணம். இது முழுக்க முழுக்கச் சொந்த அலட்சியம்' என்று இருந்தது. அடியில் குடும்பத்தார் கையெழுத்துக்கு ஒரு கோடு. போட்டால் விசாரணை அதோடு முடிந்தது. ஒழுங்கு மீறியவர் என்று சன்னாசியின் வேலை போகும், மாதக் கடைசியில் கிளப் வீட்டையும் காலி செய்ய வேண்டும். போடாவிட்டால் வாரக் கடைசியிலேயே காலி செய்ய வேண்டும் என்று சதாசிவம் சொல்லியனுப்பியிருந்தார்.

"ரெண்டு கதவு வச்சிருக்காரு. ரெண்டுமே வெளிய போறதுக்குத்தான்" என்று காலையில் குமுதா சொன்னபோது திருக்குமரன் சிரிக்கவில்லை. எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

இப்போது சதாசிவம் தன் போனை நீட்டினார். விபத்து நடந்த இடத்திலேயே எடுத்த படம். மெஷினை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சீட்டுக்குப் பின்னால் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் இரும்புக் கம்பி விறைப்பாக நின்றது. பெல்ட் இரண்டு பக்கமும் அவிழ்ந்து தொங்கியது.

"பார்த்தீங்களா? கம்பி நிக்குது. மெஷின் கவுந்தா எடையைக் கம்பி தாங்கும். பெல்ட் போட்டிருந்தா கம்பிக்குள்ளயே பத்திரமா இருந்திருப்பான். போடல. வெளிய விழுந்தான், மேலயே விழுந்திருச்சி. இதுக்கு டிடெக்டிவ் எதுக்கு? ஸ்கூல் பிள்ளை சொல்லும்லா."

"சரியாகத்தான் சொல்கிறீர்கள்" என்றார் திருக்குமரன்.

குமுதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருக்குமரன் யாழ்ப்பாணத்து வம்சம், பேச்சில் இன்னும் அந்த வாசனை போகாத மனுஷன். யாரையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். இந்த ஆளையா?

"எஸ்டேட் ஆளுங்கள திருத்த முடியாது" என்று சதாசிவம் நாற்காலியில் சாய்ந்தார். "ரப்பர் மரத்த வெட்டி கோல்ஃப் கிளப்பே வந்திருச்சி. இவனுங்க புத்தி மட்டும் லயத்தவிட்டு வெளிய வரல."

இது ஏழாங்கட்டைத் தோட்டமாக இருந்த காலத்தில் அதே லயத்து வரிசை வீடுகளில், மூன்றாவது கதவில் பிறந்தவர்தான் சதாசிவம். குமுதாவின் பெரியம்மா நாலாவது கதவு. அதை இப்போது எடுத்துச் சொல்லலாமா என்று அவள் நாக்கு துறுதுறுத்தது. திருக்குமரன் ஜன்னலைக் காட்டிப் பேச்சை மாற்றிவிட்டார்.

"அந்த வளைவு அழகாயிருக்கிறதே."

மானேஜரின் முகம் மலர்ந்தது. வெளியே, சுண்ணாம்புக் குன்றுகளைப் பின்னணியாக வைத்து, காகிதப்பூக் கொடி படர்ந்த ஓர் இரும்பு வளைவு நின்றது. கண்ணாடி விளக்குகள் வரிசையாகத் தொங்கின. ஈப்போவின் கல்யாண ஜோடிகள் எல்லாம் படம் எடுக்க இங்கேதான் வருகிறார்களாம். டிசைன் அவருடையதாம். ஜூன் மாதம் திறந்தார்களாம்.

"அது வழியாக மெஷின் போகுமோ?"

"தெனமும். ஷெட்டுலேருந்து ஒன்பதாம் குழிக்கு அதான் பாதை. மூணு மாசமா மூணு மெஷின் போகுது, வருது. ஒரு வெளக்கு ஒடஞ்சதில்ல, ஒரு கீறல் கெடையாது. அந்த அளவுக்கு நான் டிசிப்ளின் வச்சிருக்கேன்."

"கம்பி எப்போதும் நிமிர்ந்தே இருக்கும்?"

"எப்பவும். ரூல்ஸ் லா. ஷெட்டுல என் கையெழுத்தோட போர்டே இருக்கு, போய்ப் பாருங்க."

"பார்க்கிறோம்" என்று திருக்குமரன் எழுந்தார். அறையை விட்டு வெளியே வரும்போது அவர் உதட்டோரம் லேசாக வளைந்திருந்ததைக் குமுதா கவனித்தாள். எதற்கென்றுதான் புரியவில்லை.

ஷெட்டில் ஆள் இல்லை. மூன்று மெஷின்களுக்கான இடத்தில் இரண்டு நின்றன. ஒன்று நன்றாக இருந்தது. மற்றது சன்னாசியுடையது. ஒரு பக்கம் தகடு நசுங்கி, சக்கரத்தில் குளத்துச் சேறு ஒட்டி, அடியில் தரையும் சேறாகக் கிடந்தது. சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட போர்டு: கம்பியை மடக்கக் கூடாது, மீறுகிறவர்கள்மேல் நடவடிக்கை. அடியில் சதாசிவத்தின் கையெழுத்து, போர்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு.

திருக்குமரன் குடையின் நுனியால் பெல்ட்டைத் தூக்கிப் பார்த்தார். சேற்றில் கால் வைக்க அவருக்குப் பிடிக்காது. குமுதாவுக்கு அந்தக் கவலை இல்லை. நேராக மெஷினின் முன்னால் போய் நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அலாமாக்!"

"என்ன?"

"பாஸ், இங்க வாங்க. முருகன் சர்க்கஸ் பண்ணிக்கிட்டு இருக்காரு."

கம்பியின் குறுக்குச் சட்டத்தில், நட்டநடுவில், கையகல முருகன் ஸ்டிக்கர். பளபளப்பு இன்னும் போகாத புதிய ஸ்டிக்கர். முருகன் மயிலோடும் வேலோடும் தலைகீழாய் நின்றார்.

"கவனக்குறைவாக ஒட்டியிருப்பார்" என்றார் திருக்குமரன்.

குமுதா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "பாஸ், உங்களுக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணு இருக்குன்னா அது இதுதான். சன்னாசி அண்ணன் பதினோரு வருஷம் குனோங் சீரோ கோயில்ல காவடி எடுத்தவரு. அந்த மாதிரி ஆளு சட்டையத் திருப்பிப் போடுவாரு, பல்லு வெளக்காம வேலைக்கு வருவாரு. சாமியத் தலைகீழா ஒட்டமாட்டாரு. குடிச்சிருந்தாலும் ஒட்டமாட்டாரு."

"அப்போது?"

"அவரு ஒட்டினப்ப முருகன் நேராத்தான் நின்னாரு. கம்பிதான் தலைகீழா இருந்துச்சு!"

கம்பியின் நடுவில் இரண்டு பக்கமும் மூட்டு இருந்தது. மூட்டில் குத்தியிருக்கும் 'பின்' என்ற இரும்பு முளையை உருவினால் மேல்பாதி பின்பக்கம் மடிந்து சீட்டுக்குப் பின்னால் தொங்கும். அப்படித் தொங்கும்போது பின்னால் நின்று பார்த்தால் முருகன் நேராக இருப்பார். தூக்கி நிறுத்தினால் முன்பக்கம் திரும்பித் தலைகீழாகிவிடுவார்.

திருக்குமரன் முதல் முறையாகச் சேற்றில் கால் வைத்தார். குமுதாவுக்கு அதுவே பரிசு கொடுத்த மாதிரி இருந்தது.

"இன்னும் ஒன்று" என்று அவர் மூட்டைக் காட்டினார். "பின் நழுவாமல் இருக்க, கொண்டை ஊசி மாதிரி ஒரு கொக்கி மாட்டுவார்கள். வலப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் பாரும்."

இடப்பக்கப் பின்னில் கொக்கி இல்லை. ஓட்டையில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கோத்து மூன்று முடிச்சுப் போட்டிருந்தது. கோயிலில் மந்திரித்து மணிக்கட்டில் கட்டிவிடுகிற கயிறு.

"விபத்துக்கு அப்புறம் யாரோ அவசரமா கம்பியத் தூக்கி நிறுத்தியிருக்கான்" என்றாள் குமுதா. "கொக்கி சேத்துல விழுந்திருக்கும். கையில என்ன இருந்துச்சோ அத அவுத்துக் கட்டிட்டான். மானேஜரா?"

"அவர் கையில் தங்கச் சங்கிலிதான் இருந்தது."

"அதுவும் அவரு எங்க சேத்துல எறங்குவாரு, உங்கள மாதிரிதானே."

திருக்குமரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றே முக்கால்.

காளியம்மாவின் வீடு கிளப்பின் பின்புறம், பழைய லயத்தை வெள்ளையடித்து 'ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்' என்று பெயர் வைத்த வரிசையில் இருந்தது. பெயர் மாறியதே தவிர கூரை ஒழுகுவது மாறவில்லை. கொடியில் சன்னாசியின் யூனிஃபார்ம் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. மூன்று வெளுத்த நீலம், இரண்டு புதுப் பச்சை. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் துவைத்துப் போட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் போட்டுக்கொள்ள வேண்டுமே என்றாள்.

திருக்குமரன் நீலச் சட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் இடுப்புக்கு நேரே குறுக்காக, இரண்டு விரல் அகலத்துக்குச் சாயம் போய்த் துணி நைந்திருந்தது. பச்சைச் சட்டைகளில் ஒன்றுமில்லை.

"இது பெல்ட் உரசின தடம்" என்றார். "வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறார். பச்சைச் சட்டை எப்போது கொடுத்தார்கள், அம்மா?"

"அந்தப் பூ வளைவு தொறந்த அன்னிக்கு, ஐயா. ஜூன்ல."

"முருகன் படம்?"

"ஆடிக் கிருத்திகைக்குக் கோயில்ல வாங்கினாரு. மெஷினுக்குப் பின்னால நின்னு கும்புட்டுட்டுத்தான் ஏறுவாரு." அவள் பச்சைச் சட்டையின் சுருக்கத்தை நீவினாள். "நான் தெனமும் சொல்வேன், பெல்ட்டப் போடுங்க, பெல்ட்டப் போடுங்கன்னு. மொதல்ல போட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. அப்புறம் போடக் கூடாதுன்னாரு. ஏன்னு கேட்டேன். கம்பி மடக்கி இருந்தா பெல்ட் போடக் கூடாது, அதான் சட்டம்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. என் புருஷன் தப்பு பண்ணிட்டாருன்னே நெனச்சிட்டேன்."

"தப்புச் செய்யவில்லை" என்றார் திருக்குமரன். எப்போதும் இழுத்து இழுத்துப் பேசுகிறவர், அதை மட்டும் பட்டென்று சொன்னார். "கம்பி நின்றால் பெல்ட் காப்பாற்றும். கம்பி மடங்கியிருக்கும்போது பெல்ட் போட்டிருந்தால், மெஷின் கவிழும்போது ஆளைக் கட்டிப்போட்டு அடியில் நசுக்கிவிடும். போடாததால்தான் அவரால் பாதியாவது குதிக்க முடிந்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு இந்த கிளப்பில் எல்லாரையும்விட நன்றாக வேலை தெரியும்."

காளியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று நாளாகப் புருஷனை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பாவத்தையும் சேர்த்து அழுதாள். குமுதாவுக்குச் சதாசிவத்தின் மேல் இருந்த வெறுப்பு அப்போதுதான் முழுசாக முற்றியது. ஒரு மனுஷனைப் படுக்கையில் தள்ளியது போதாதென்று, கட்டினவளையே அவன்மேல் சந்தேகப்பட வைத்திருக்கிறார்.

"கம்பிய மடக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் வீட்டுல பேச மாட்டாரு, தங்கச்சி. சீனிக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஓட்டுவாங்க."

சீனி, ஐம்பது வயதுக்காரர், மூன்றாவது மெஷினை மழைமரத்தடியில் நிறுத்திவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது. வெயிலில் கருத்த அந்த வலக்கை மணிக்கட்டைச் சுற்றி, விரல் அகலத்துக்கு வெளுத்த வளையம் ஒன்று தெரிந்தது. வருஷக்கணக்காக அங்கே ஒரு கயிறு இருந்திருக்கிறது. இப்போது இல்லை.

குமுதா அவர் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்தாள். "அண்ணே, கயிறு எங்க போச்சு?"

"அறுந்திருச்சி."

"அறுந்ததா, சன்னாசி அண்ணன் மெஷின்ல மூணு முடிச்சுப் போட்டதா?"

சீனி சோற்றை மடித்து வைத்துவிட்டார். குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்று குமுதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்து அவர் சொன்னதில் அந்த நிமிர்வு போய்விட்டது.

"அவன் எனக்குத் தம்பி மாதிரி. நல்லது செய்யறேன்னு நெனச்சித்தான் செஞ்சேன்."

"என்ன நல்லது?"

"அதிகாரிங்க வந்தா கம்பியத் தூக்கணும், போனா மடக்கணும். இங்க அதான் பழக்கம். ஜூன்ல என் மெஷின் கம்பி பட்டு வளைவுல ரெண்டு கொத்துப் பூ உதிர்ந்திருச்சி. மானேஜர் ஷெட்டுக்கே வந்து கத்தினாரு. இனிமே எல்லாரும் மடக்கித்தான் ஓட்டணும்னாரு. போர்டுல மடக்கக் கூடாதுன்னு இருக்கேன்னு சன்னாசி கேட்டான். போர்டு வெளியேருந்து வர்றவங்களுக்கு, என் வாய்ச்சொல்லு உங்களுக்குன்னாரு." சீனி கண்ணைத் துடைத்தார். "செவ்வாக்கெழம அவன அடியிலேருந்து எடுத்து, எல்லாரும் ஆம்புலன்ஸ் வர்ற ரோட்டுக்குத் தூக்கிட்டு ஓடிட்டாங்க. நான் மெஷின்கிட்ட நின்னேன். கம்பி மடங்கிக் கெடக்குது. போர்டுல மடக்கக் கூடாதுன்னு இருக்கு. சன்னாசிதான் மடக்கினான், அவன் தப்புன்னு தலையில கட்டிருவாங்கன்னு பயந்துட்டேன். தூக்கி நிறுத்திட்டேன். கொக்கி கெடைக்கல. கயித்த அவுத்துக் கட்டினேன்."

"கம்பி நின்னா, பெல்ட் போடாததுதான் தப்புன்னு ஆயிரும்னு நெனைக்கல?"

"அந்த நேரத்துல மூளை எங்க வேல செய்யுது, தங்கச்சி? தூக்கி வச்சா கேள்வி வராது. இத்தன நாளா அப்படித்தானே பழக்கி வச்சிருக்காங்க."

"மானேஜருக்குத் தெரியுமா?"

சீனியின் முகம் கோணியது. "வந்தாரு. கம்பியப் பார்த்தாரு. அப்புறம் என்னயப் பார்த்தாரு. நல்ல வேல செஞ்ச சீனின்னு முதுகுல தட்டினாரு. என்ன செஞ்சி வச்சிட்டேன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது."

நண்பனைக் காப்பாற்றப் போய், தன் கையாலேயே அவன் கழுத்தில் பழியைக் கட்டிவிட்டார் சீனி. அதற்கு முதுகில் தட்டிக் கொடுத்தவரோ ஏசி அறையில் கார்ப்பெட்டைக் காத்துக்கொண்டிருக்கிறார். இந்த மாதிரி ஆட்களை ஏச குமுதாவுக்குத் தெரிந்த வார்த்தைகள் தமிழிலும் மலாயிலும் நிறைய உண்டு. ஒன்றுகூடப் போதவில்லை.

"எழுத்துல ஏதாச்சும் கொடுத்தாரா? வாட்ஸ்அப்?"

"எழுத்துல எல்லாம் சட்டப்படிதான். மத்தது வாயாலதான்."

"அப்படியென்றால் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும்" என்றார் திருக்குமரன். சீனியைத் தனியே அழைத்துப்போய் இரண்டு நிமிடம் காதோடு காதாகப் பேசினார். திரும்பி வந்தபோது குமுதா முறைத்துக்கொண்டு நின்றாள்.

"பன்னெண்டு வருஷமா கூடவே இருக்கேன். என்கிட்ட மட்டும் ரகசியம்."

"உமக்குச் சொன்னால் உமது முகம் காட்டிக்கொடுத்துவிடும், குமுதா."

"முகத்துக்கு என்ன கொறச்சல்?"

"குறைச்சல் இல்லை. எல்லாம் அதில் எழுதி ஒட்டியிருக்கும், அதுதான் பிரச்சினை."

அதிகாரி விக்னேஸ்வரன் சரியாக மூன்று மணிக்கு ஷெட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இன்று மூன்றாவது விசாரணை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. சதாசிவம் ஓடிப்போய் இளநீர் கொடுத்தார், நாற்காலி போட்டார், போர்டைக் காட்டினார், படத்தைக் காட்டினார். காளியம்மாவை ஒரு மூலையில் நிற்க வைத்து, கையில் அந்தக் கடிதத்தையும் பேனாவையும் திணித்தார்.

"இவங்க சன்னாசியோட சம்சாரம். கையெழுத்துப் போடப் போறாங்க. கேஸ் முடிஞ்சது சார்."

திருக்குமரன் ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னார். சதாசிவம் கைதட்டிச் சிரித்தார்.

"சார், இவங்களுக்குச் சாட்சி ஸ்டிக்கராம்! எவனோ தண்ணியப் போட்டுட்டு தலைகீழா ஒட்டிருப்பான். இதையெல்லாம் ரிப்போர்ட்டுல எழுதினா உங்கள ஆபீசுல சிரிப்பாங்க."

விக்னேஸ்வரனும் லேசாகச் சிரித்ததைப் பார்த்துக் குமுதா அவரையும் முறைத்தாள். காளியம்மாவின் விரல்கள் பேனாவின் மூடியைக் கழற்றின, மாட்டின, மறுபடி கழற்றின.

"சிரிக்கத்தான் வேண்டும்" என்று திருக்குமரன் தலையாட்டினார். "ஒரே ஒரு சின்ன வேண்டுகோள். சன்னாசி அன்றைக்கு ஷெட்டிலிருந்து ஒன்பதாம் குழிக்குப் போன பாதையை, அதே மாதிரி மெஷினில் ஒரு முறை ஓட்டிக் காட்டட்டும். மானேஜர் சொல்லும் சட்டப்படியே, கம்பி நிமிர்ந்து, பெல்ட் போட்டு. பெல்ட் போட்டிருந்தால் தப்பியிருப்பார் என்பது உங்களுக்கே விளங்கும்."

"பேஷா ஓட்டட்டும்!" என்றார் சதாசிவம். ஜெயித்துவிட்ட தெம்பில் இருந்தார். அந்தத் தெம்பில் யோசிக்க மறந்தார். ஒரு தடவைகூட அந்த மெஷினில் ஏறி உட்கார்ந்திராதவருக்கு, நிமிர்ந்த கம்பி எவ்வளவு உயரம் என்பது சட்டென்று நினைவுக்கு வருமா?

சீனி தன் மெஷினை ஷெட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். இறங்கி, எல்லாரும் பார்க்கக் கம்பியைத் தூக்கி நிறுத்தினார். இரண்டு பக்கமும் பின்னைக் குத்தினார், கொக்கியை மாட்டினார். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். 'க்ளிக்' என்று சத்தம் கேட்டது. மெஷின் கிளம்பியது.

சதாசிவம் இன்னும் பேசிக்கொண்டேயிருந்தார். "பாத்தீங்களா சார், எவ்வளவு பாதுகாப்பா..."

மெஷின் நேராக வளைவை நோக்கிப் போனது.

குமுதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கம்பியின் உச்சி எங்கே, கண்ணாடி விளக்குகள் எங்கே என்று கண்ணால் அளந்தாள். ஒரு முழம் இடிக்கும். மானேஜர் அறையில் திருக்குமரன் உதடு எதற்கு வளைந்தது என்பதும் இப்போது தெரிந்தது. கம்பி எப்போதும் நிற்கிறது, மெஷின் தினமும் வளைவு வழியாகப் போகிறது, ஒரு கீறல்கூட இல்லை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியே இல்லை. அந்த மூன்றையும் சொல்லி அவர்களிடம் பெருமையடித்துக்கொண்டது சதாசிவமே.

இருபது அடி. பத்து அடி. சீனி வேகத்தைக் குறைக்கவில்லை.

சதாசிவத்தின் வாய் பாதி வார்த்தையில் நின்றது. அவரும் கையில் வைத்திருந்த இளநீர் கீழே விழுந்து சட்டையெல்லாம் தெறித்தது. புல்லில் ஓடினார்.

"டேய் சீனி! நிறுத்துடா! கம்பிய மடக்குடா பொடோ, மடப்பயலே! மடக்கிட்டுத்தான் உள்ள போகணும்னு ஒங்களுக்கு எத்தன தடவடா சொல்லித் தொலைக்கிறது!"

மெஷின் நின்றது. கம்பிக்கும் முதல் காகிதப்பூக் கொத்துக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. ஒரு பூகூட உதிரவில்லை. பெல்ட் சீனியை அப்படியே சீட்டோடு பிடித்து வைத்திருந்தது.

சதாசிவம் மூச்சு வாங்கத் திரும்பினார். எல்லாரும் தன்னையே பார்ப்பதை அப்போதுதான் கண்டார். தான் கத்தியது என்ன என்பது அவர் மண்டைக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மண்டை அப்படி.

விக்னேஸ்வரன் இளநீரைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். களைப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. "எத்தன தடவை, மிஸ்டர் சதாசிவம்? எனக்கு எண்ணிக்கை வேணும். எந்த மாசத்துலேருந்துங்கிறதும்."

"இல்ல சார்... அது வந்து... பூவுக்காக..."

"பூவுக்காக" என்று விக்னேஸ்வரன் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"நாலு தடவ சார்!" என்று சீனி மெஷினிலிருந்தே கத்தினார். "ஜூன்ல ரெண்டு, ஜூலைல ஒண்ணு, ஆகஸ்டுல ஒண்ணு. கம்பியத் தூக்கி வச்சது நான். அதையும் எழுதிக்குங்க. மடக்கச் சொன்னது அவரு."

"எழுதினேன். இந்த ஷெட்டுல இனிமே நான் சொல்ற வரைக்கும் ஒரு மெஷினும் ஓடக் கூடாது. அந்தக் குடும்பத்த வீட்டவிட்டு எழுப்பவும் கூடாது. விசாரணை முடியல, இப்பத்தான் ஆரம்பிக்குது."

"ஸ்டிக்கர் சாட்சிய என்ன செய்யப் போறீங்க சார்?" என்று குமுதா இனிமையாகக் கேட்டாள்.

"அதையும் படம் எடுத்துக்கிறேன்" என்றார் விக்னேஸ்வரன், கொஞ்சம் வெட்கத்தோடு.

காளியம்மா மூலையிலிருந்து மெதுவாக நடந்து வந்தாள். எல்லாரையும் தாண்டி சதாசிவத்தின் முன்னால் வந்து நின்றாள். கடிதத்தை நாலாக மடித்து, பேனாவையும் சேர்த்து, இளநீர் சொட்டும் அவர் சட்டைப்பையில் செருகினாள்.

"இதுல அலட்சியம்னு எழுதியிருக்கு. கோடும் போட்டிருக்கு" என்றாள். "கையெழுத்த நீங்க போடுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும். அவரு மேல தப்பில்லன்னு காதுல சொல்லணும்."

திருக்குமரன் குடையை விரித்து அவளிடம் கொடுத்தார். மழை இன்னும் தொடங்கவில்லை. அதைக் கேலி செய்ய வாயைத் திறந்த குமுதா, காளியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகக் காரை எடுக்கப் போனாள்.